முக்கு மனைக்கு ஆட்சேபணை

ஆனி 10, திங்கள்

விடிந்ததிலிருந்து சாரல். கொடியில் கிடக்கும் வேட்டி மூன்று நாளாக அதே ஈரம். மூக்குப்பொடி வாங்கப் போகையில் குற்றாலம் ரோட்டு முக்கில், காலி மனைச் சுவரில் ஒரு நோட்டீஸ். பசை காயவில்லை. குடையைச் சாய்த்துக்கொண்டு நின்று படித்தேன்.

மோட்டார் சர்வீஸ் கோமதிநாயகம் அந்த மனையில் பெட்ரோல் பம்பு வைக்க லைசென்ஸ் கேட்டிருக்கிறார். பூமிக்குள் டாங்கி, மேலே கையால் அடிக்கும் பம்பு. ஆட்சேபணை உள்ளவர்கள் பதினைந்து நாளுக்குள் எழுத்து மூலமாக. வாசகம் முழுதும் பழக்கமானது. தாலுகா ஆபீஸில் முப்பத்தோரு வருஷம் இதைத்தான் நகல் எடுத்தேன்.

முக்கு மனைக்கும் என் வீட்டுக்கும் இடையில் ஆறுமுகம் வீடு ஒன்றுதான்.

சிவகாமியிடம் சொன்னேன். முறத்தைக் கீழே வைத்தாள். "அந்த வாடை எனக்கு ஆகாதே" என்றாள். பிறகு மறுபடி புடைக்க ஆரம்பித்துவிட்டாள். சாரல் காலத்தில் அவளுக்கு இளைப்பு எப்போதும் கூடுதல். பஸ் புகை வந்தாலே முந்தானையால் மூக்கை மூடுகிறவள்.

பொடி வாங்க மறந்து போனேன்.

ஆனி 11, செவ்வாய்

மழை விட்டு விட்டு. சாயங்காலம் தெருக்காரர்கள் நம் வீட்டில். ஆறுமுகம் (அரிசிக் கடை), அப்பளம் போட்டு விற்கும் வள்ளியம்மை, இன்னும் எட்டுப் பேர். கூடத்தில் இடம் போதாமல் இரண்டு பேர் அடுக்களை வாசலில்.

வள்ளியம்மை: "எங்க கூரை ஓலைலா அண்ணாச்சி. நாள் பூரா அடுப்பு எரியுது. அங்கன எண்ணெயப் புதைச்சு வச்சா எப்படி?"

ஆறுமுகம்: "போன சீசன்ல குத்தாலத்துல மோட்டார் கொட்டகை எரிஞ்சதுல்லா. தண்ணி ஊத்த ஊத்தப் பரவிச்சு. நான் கண்ணால கண்டேன்."

எல்லாரும் கடைசியில் என்னைப் பார்த்தார்கள். பென்ஷன் வாங்கிய அன்றே இனி ஒரு மனுவும் எழுதுவதில்லை என்று சிவகாமியிடம் சொல்லியிருந்தேன். அவள் உள்ளே போய் மைக்கூட்டை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள்.

குறித்துக்கொண்டவை:
வீடு பதினேழு. ஓலை பதினொன்று.
பொதுக் கிணறு, முக்கிலிருந்து இருபத்திரண்டு காலடி தூரம்.
பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வழி.
லாரி, பஸ் திரும்ப இடம் இல்லை.
சி. இளைப்பு. (இதை எழுத வேண்டாம் என்கிறாள்.)

தலைவலி. சுக்குப் பற்று.

ஆனி 13, வியாழன்

கையெழுத்து வாங்க வீடு வீடாக. பதினான்கு கிடைத்தது, அதில் ஐந்து ரேகை. ஆறுமுகம் பேனாவை வாங்கி, நெடுநேரம் பிடித்திருந்து, போட்டார். அவர் மகன் கோமதிநாயகம் பஸ்ஸில் கண்டக்டர். "அவன் பொழைப்பு அங்கன. என் வீடு இங்கன. என்னத்தச் செய்ய" என்றார். அவரை நினைத்தால் சங்கடம்தான்.

மூன்று வீட்டில் "யோசிச்சுச் சொல்லுதோம்". யோசிக்கட்டும்.

கால் வீக்கம்.

ஆனி 17, திங்கள்

ஆபீஸ் நாளிலிருந்து பழக்கமான வக்கீலைப் பார்த்தேன். மனுவைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"வேண்டாம், வேண்டாம்னு மட்டும் எழுதிருக்கீய. இப்ப சீசனுக்கு எவ்வளவு மோட்டார் வருதுன்னு சர்க்காருக்குத் தெரியும். பம்பு எங்கேயாவது வரத்தான் செய்யும். வேற இடம் நீங்களே காட்டுங்க. அப்பத்தான் உங்க மனு நிக்கும்."

சரியாகத்தான் பட்டது. அங்கிருந்து நேரே தாலுகா ஆபீஸ். எனக்குக் கீழே வேலை பார்த்த ராமையா இப்போது ரிகார்டு குமாஸ்தா. எழுந்து நின்றான். கிராமப் படமும் பதிவேடும் எடுத்துக் கொடுத்தான். ஆய்க்குடி போகும் வழியில், வாய்க்காலைத் தாண்டி ஒரு புறம்போக்கு. பதிவேட்டில் தரிசு. கட்டிடம் இல்லை, மரம் புளி ஒன்று.

வீட்டுக்கு வந்து கடைசிப் பாரா சேர்த்தேன்: "மேற்படி ஸ்தலம் ஜனவாசமற்ற தரிசாகவும், ரஸ்தாவை ஒட்டியதாகவும் இருப்பதால், விண்ணப்பதாரருக்கும் பொதுஜனங்களுக்கும் யாதொரு இடையூறும் இராது." சிவகாமிக்கு வாசித்துக் காட்டினேன். பழைய கை இன்னும் போகவில்லை என்று உள்ளூர ஒரு திருப்தி.

"நல்லா இருக்கு" என்றாள். உப்புப் போட மறந்த ரசத்தையும் நான் இப்படித்தான் சொல்வேன்.

மனு தாக்கல் ஆனது. வரும்போது பொடி வாங்கினேன்.

ஆனி 20, வியாழன்

கோமதிநாயகம் நேரில் வந்தார். எதிர்பார்க்கவில்லை. செருப்பை வெளியே விட்டு, காப்பி குடித்து, சிவகாமியின் உடம்பைக் கேட்டார். கோபமே இல்லை. கோபம் இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இப்ப டின்னுல கொண்டாந்து, புனல் வச்சு ஊத்துதோம் அண்ணாச்சி. பாதி தரையில. பக்கத்துல ஒருத்தன் பீடி குடிப்பான். அதுதான் ஆபத்து. டாங்கி பூமிக்குள்ள கெடக்கும். ஒண்ணும் ஆகாது."

"எங்க தெருவுல ஓலை வீடு பதினொண்ணு இருக்கு."

"அப்ப எங்கன வைக்கச் சொல்லுதீய?"

"மனுவுல எழுதிருக்கேன்."

சிரித்தார். "வாய்க்காலுக்கு அங்கிட்டா. அங்கன பஸ்ஸு நிக்காதே. ஊருக்குள்ள வந்துட்டுத் திரும்பப் போகணும்." எழுந்து போகும்போது, "நீங்க எழுதினா அது நிக்கும்னு எல்லாரும் சொல்லுதாவ. அதான் கவலை" என்றார்.

அவர் போன பின் அந்தப் பாராட்டையே நினைத்துக்கொண்டிருந்தேன். வெட்கம்.

ஆனி 26, புதன்

நல்ல மழை. ஐந்தருவிப் பக்கம் யாரையும் விடவில்லையாம். சி.க்கு இரண்டு நாளாக இளைப்பு. தலையணை மூன்று அடுக்கிச் சாய்ந்தபடி. கம்பவுண்டர் வந்து ஒரு சீசா மருந்து. கசப்பு என்றாள்.

கையெழுத்துப் போட்டவர்களில் இரண்டு பேர் வாபஸ். ஒருவர் என்னைக் கண்டதும் கிணற்றடியில் வாளியை விட்டுவிட்டுப் போனார். இதற்கெல்லாம் ஏன் ஓட வேண்டும்? என்னிடம் சொல்லியிருந்தால் நானே வாபஸும் எழுதிக் கொடுத்திருப்பேன்.

ஆடி 3, வெள்ளி

தாசில்தார் ஸ்தல விசாரணை. சின்ன வயசு. குடைக்கு அடியில் நின்று சங்கிலி பிடித்து அளக்கச் செய்தார். கிணற்றைப் பார்த்தார். வள்ளியம்மையின் கூரையைக் கையால் தொட்டுப் பார்த்தார். அவளிடம், "ஏம்மா, இது எந்த வருஷம் வேய்ஞ்சது?" "எங்க வீட்டாளு இருக்கும்போது" என்றாள். அவர் போய் எட்டு வருஷம்.

கோமதிநாயகம் தரப்பில் ஒரு வக்கீல். எங்கள் தரப்பில் நான். வெகு நாள் கழித்துத் தலைப்பாகை. நனைந்து, காய்ந்து, இப்போது தும்மல்.

ஆடி 9, வியாழன்

உத்தரவு வந்துவிட்டது. முக்கு மனைக்கு அனுமதி மறுப்பு. விண்ணப்பதாரர் மாற்று ஸ்தலத்துக்கு மறு விண்ணப்பம் செய்துகொள்ளலாம்.

தெரு முழுக்கச் சிரித்த முகம். ஆறுமுகம் வீட்டிலிருந்து பாயசம். வாபஸ் வாங்கிய இரண்டு பேரும் வந்தார்கள். "அண்ணாச்சி எழுத்துன்னா எழுத்துதான்." ஞாயிற்றுக்கிழமை எல்லாருமாகக் குற்றாலம் போய்க் குளிக்க ஏற்பாடு. கோமதிநாயகம் பஸ்ஸில்தான் போக வேண்டும், வேறு பஸ் இல்லை. யாருக்கும் அதில் கூச்சம் இல்லை.

சந்தோஷம் உண்டு. ஆனால் படுத்தால் எழுந்திருக்க முடியாத அலுப்பு.

ஆடி 12, ஞாயிறு

நானும் சி.யும் தெருக்காரர்களோடு போகவில்லை. அவளுக்குத் தண்ணீர் ஆகாது. அருவியைப் பார்த்துவிட்டாவது வரலாம் என்றாள். பத்து மணிக்கு மைதீன் பிச்சையின் குதிரை வண்டியில். பதினைந்து வருஷப் பழக்கம். ஆபீஸ் நாட்களில் மழை என்றால் அவன் வண்டிதான்.

அருவியை எட்ட நின்று பார்த்தோம். சி. பாறைமேல் வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் அருவியின் துவலை. இளைப்பு வரவில்லை. அதுவே பெரிது.

திரும்பும்போது சும்மா கேட்டாள்: "இப்ப எங்கன இருக்கே மைதீனு?"

"வாய்க்கா தாண்டிதான் ஆச்சி, ஆய்க்குடிப் பாதையில. பஸ்ஸு வந்ததுல எங்க வண்டிப்பேட்டைய எடுத்துட்டாவல்லா. அஞ்சு வருசமா அங்கனதான். ஏழு குடிசை." சிறிது தூரம் போன பின் அவனாகவே: "இப்ப அங்கேயும் ஒரு நோட்டீசு ஒட்டிருக்காவ. புளியமரத்துல. பெட்ரோல் பம்பு வருதாம். ஆளில்லாத இடம்னு யாரோ எழுதிக் குடுத்துருக்காவளாம். பிள்ளைக மட்டும் ஒம்பது கெடக்கு. குதிரைக்குப் புல்லும் வைக்கோலும் போரு போரா இருக்கு."

குதிரையைப் பார்த்துத்தான் சொன்னான். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. தெரியாது அவனுக்கு.

சி. என் பக்கம் திரும்பினாள். நான் ரோட்டைப் பார்த்தேன்.

ஆடி 13, திங்கள்

வெயில், சாரல், வெயில். நடந்தே போனேன், வாய்க்காலைத் தாண்டி. நம் வீட்டிலிருந்து அரை மணி நேரம் கூட இல்லை.

ஏழு குடிசை. ஓலை எல்லாம். குதிரை ஐந்து, ஒன்று நொண்டி. வைக்கோல் போர் மூன்று. ஒரு பெண் நொண்டிக் குதிரையின் காலில் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். மைதீன் மனைவி என்று பிறகு தெரிந்தது. என் கோட்டைப் பார்த்து ஆபீஸ் ஆள் என்று நினைத்துவிட்டாள். "எங்கள இங்கிருந்தும் கெளப்புதீயளா?" என்றாள். சண்டை இல்லை அந்தக் குரலில். நாளைக்கு மழை வருமா என்று கேட்பது போல.

"இல்லம்மா" என்றேன்.

பதிவேட்டில் இருந்தது பொய் இல்லை. பழையது. நான் அதைப் பார்த்து எழுதினேன், நிலத்தைப் பார்த்து எழுதவில்லை. முப்பத்தோரு வருஷம் அப்படித்தான் எழுதினேனோ என்று திரும்பும் வழியெல்லாம் ஒரு நினைப்பு.

ஆடி 14, செவ்வாய்

மத்தியானச் சோறு வேண்டாம் என்றேன். சி. மோர் கரைத்துத் தந்தாள்.

"எழுதினதைத் திருத்தணும்லா?"

"திருத்தினா பம்பு இங்கன திரும்பி வரும். உனக்குத்தான் கஷ்டம்."

"அந்த ஒம்பது பிள்ளைக்கு?"

அவள் டம்ளரை வாங்கிக்கொண்டு போனாள்.

சாயங்காலம் ஆறுமுகத்திடம் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. "ஏன் வே, ஒமக்கு வேற வேலை இல்லையா? அவன் வண்டிக்காரன், நாளைக்கு இன்னொரு இடத்துக்குப் போவான். நாம எங்க போக? தெருவுக்காவ எழுதினீரு, தெருவோட நில்லும்."

அவர் பேச்சிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அவருக்கும் பேரப்பிள்ளைகள் உண்டு.

ஆடி 15, புதன்

எழுதினேன். நாலு வரி. "முன் மனுவில் ஜனவாசமற்றதென நான் குறிப்பிட்ட ஸ்தலத்தில் ஏழு குடும்பங்கள் வசித்து வருவதை நேரில் கண்டேன். நேரில் பாராமல் எழுதியது என் பிழை." அடைமொழி எதுவும் இல்லை. இத்தனை சின்ன மனு ஆயுளில் எழுதியதில்லை. கையெழுத்து ஒன்றே ஒன்று, சுப்பிரமணிய பிள்ளை.

ராமையா வாங்கிப் பார்த்தான். பழைய மனுவையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தான். "ஐயா, ரெண்டும் உங்க கையெழுத்து. எதை மேல அனுப்ப?"

"ரெண்டையும்."

முத்திரை குத்தினான். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டான். வேண்டும் போலத்தான் இருந்தது. வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

ஆடி 17, வெள்ளி

வண்டி நிற்கும் இடத்துக்குப் போய் மைதீனிடம் சொன்னேன். நின்றபடியே. எழுதியது நான்தான் என்று.

அவன் கடிவாளத்தைச் சரி பண்ணிக்கொண்டிருந்தான். கை நின்றது. "நீங்களா" என்றான். பிறகு: "இத்தன வருசம் ஏத்தி எறக்கிருக்கேன் அண்ணாச்சி. ஒங்க வீடு, ஒங்க மக வீடு, ஒங்க வக்கீலு வீடு எல்லாம் எனக்குத் தெரியும். எங்க வீடு எங்கனன்னு ஒருநா கேட்டீயளா?"

இல்லை.

திருத்தி எழுதிக் கொடுத்ததையும் சொன்னேன். சரி என்று தலையாட்டினான். சவாரி ஒன்று வந்தது. போய்விட்டான். சவாரிக்காரரிடம் பேசும்போது குரல் வழக்கம்போலத்தான் இருந்தது.

ஆடி 21, செவ்வாய்

தெருவில் பேச்சு நின்றுவிட்டது. கிணற்றடியில் சி.யைப் பார்த்ததும் மற்றவர்கள் குடத்தைத் தூக்குகிறார்கள். நேற்று ஒருத்தி சாடையாக, "ஊருக்கு நல்லவியளாம்" என்றாளாம். சி. இரண்டு குடம் எடுத்து வந்து மூச்சு வாங்க உட்கார்ந்தபின் இதைச் சொன்னாள். இனி நானே எடுக்கிறேன் என்றேன். "ஒங்க காலு வீக்கத்தோடயா" என்றாள்.

வள்ளியம்மை மட்டும் பின்வாசல் வழியாக வந்து அரைக்கட்டு அப்பளம் வைத்துவிட்டுப் போனாள். "முன்பக்கமா வந்தா பேசுவாவ மைனி."

ஆடி 25, சனி

தாசில்தார் வாய்க்காலுக்கு அங்கே போய்ப் பார்த்தார். என்னையும் வரச் சொல்லி ஆள் வந்தது. குடிசைகளைச் சுற்றி வந்தார். பிள்ளைகள் பின்னாலேயே. மைதீன் கைகட்டி நின்றான்.

தாசில்தார் என்னிடம்: "உமக்கு என்னதான் வேணும்? அங்கே கூடாதுங்கறீர், இங்கேயும் கூடாதுங்கறீர்."

"எனக்கு இப்போ ஒண்ணும் வேண்டாம். இங்கே ஆள் இருக்காவன்னு உங்க பைல்ல ஏறணும்."

அவர் எழுதிக்கொண்டார். ஏழு குடிசை, ஒவ்வொன்றிலும் யார் யார் என்று பெயர் கேட்டார். மைதீன் சொல்லச் சொல்ல, கர்ணம் எழுதினார். ஒரு குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. "ஆண் குழந்தை" என்று எழுதச் சொன்னார்.

திரும்பும்போது மைதீன், "ஏறுங்க அண்ணாச்சி, காலு வீங்கிருக்கு" என்றான். ஏறினேன்.

ஆவணி 4, செவ்வாய்

சாரல் போய்விட்டது. காற்று மட்டும். குற்றாலத்தில் கூட்டம் கலைந்து, கடைகள் பிரிக்கிறார்கள் என்று பேச்சு.

வாய்க்கால் ஸ்தலம் ரத்து. கோமதிநாயகம் முக்கு மனைக்கே மறுபடி கேட்டிருக்கிறார், மேலே கலெக்டர் ஆபீஸில். இந்த முறை தெருவில் மனு எழுத யாரும் என்னிடம் வரவில்லை. வேறு யாரிடமோ எழுதி வாங்கிக் கொடுத்தார்கள். ராமையா சொன்னான், இரண்டு இடத்தில் கிராம நம்பர் தப்பாம்.

சி.யின் மருந்து தீர்ந்தது. நாளை வாங்க வேண்டும்.

ஆவணி 12, புதன்

அனுமதி கொடுத்துவிட்டார்கள். நிபந்தனைகளோடு: கிணற்றுப் பக்கம் ஆள் உயரச் சுவர், மணல் வாளி எட்டு, முக்கை ஒட்டிய ஓலை வீடு நாலுக்கும் விண்ணப்பதாரர் செலவில் ஓடு. வள்ளியம்மை வீடு அதில் ஒன்று.

அவள் வந்து நின்றாள். "ஓடு போட்டா மழைக்கு ஒழுகாதுல்லா அண்ணாச்சி" என்றாள், தப்புச் செய்தவள் போல. ஒழுகாது என்றேன்.

ஆறுமுகம் வாசலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். எழுந்து உள்ளே போனார். அவர் மகனுக்கு இனி பம்பில் வேலை என்று பேச்சு.

ஆவணி 19, புதன்

முக்கில் குழி தோண்டுகிறார்கள். எட்டுப் பேர். காலை முதல் கடப்பாரைச் சத்தம். செம்மண் தெருவரைக்கும். பகலில் இரும்பு டாங்கி மாட்டு வண்டியில் வந்து இறங்கியது. வேடிக்கை பார்க்கத் தெரு முழுதும். நான் போகவில்லை. ஜன்னல் வழியாகக் கொஞ்சம் தெரிந்தது.

மைதீனின் நொண்டிக் குதிரை செத்துவிட்டதாம். வேறு ஒரு வண்டிக்காரன் சொன்னான்.

ஆவணி 25, செவ்வாய்

வெயில். பம்பில் எண்ணெய் விட்டுச் சோதித்துப் பார்த்தார்கள். பத்து மணிக்கெல்லாம் வாடை கூடத்துக்கு வந்துவிட்டது. சி. ஜன்னலைச் சாத்தினாள். ஈரத்துணி மாட்டினாள். பிறகு, "கட்டிலைப் பின்கட்டுக்குப் போட்டுருவோம்" என்றாள்.

ஆளைக் கூப்பிடலாம் என்றேன். யாரைக் கூப்பிட? ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிடித்தோம். தேக்குக் கட்டில், அவள் அப்பா கொடுத்தது. கூடத்தைத் தாண்டி, அடுக்களை நிலையில் குறுக்கே மாட்டிக்கொண்டது. முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. அப்படியே விட்டுவிட்டு அதன் மேலேயே இருவரும் உட்கார்ந்தோம். அவளுக்கு மூச்சு அடங்கச் சிறிது நேரம் ஆனது. நெஞ்சுக்குள் பூனை கத்துவது போல.

"நீங்க முதல்லயே ஒண்ணும் எழுதாம இருந்திருந்தா?" என்று கேட்டாள்.

"இங்கனயேதான் வந்திருக்கும்."

யோசித்தாள். கை கட்டில் சட்டத்தின் மேல்.

"அப்ப ஒண்ணும் கெட்டுப் போகல" என்றாள். "சரி, எந்திங்க. அந்தப் பக்கம் கொஞ்சம் ஒருக்களிச்சுத் தூக்குங்க."